அர்க்காவதிப் பள்ளத்தாக்குச் சுற்று: கெங்கேரி, மஞ்சனபெலே, சாவனதுர்கா, மாகடி

பெங்களூருக்கு மேற்கே சைக்கிளில் அர்க்காவதிச் சுற்றுக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால், பின்சக்கரத்துக் கேசட்டில், அதாவது பல்சக்கர அடுக்கில், பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல் என்று கேளுங்கள். 25 என்றால் கேசட்டை மாற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். 32 அல்லது 34 என்றால் தாராளமாகப் போகலாம். தூரம் ஒன்றும் பெரிதில்லை. கெங்கேரியில் தொடங்கி சுங்கதகட்டேயில் முடித்தால் எண்பது கி.மீ.க்குச் சற்று மேலே. அல்சூர், காக்ஸ் டவுன், விவேக் நகர் பக்கமிருந்து மிதித்துப் போய் மிதித்தே வீடு திரும்பினால் 115 கி.மீ. அளவுக்கு வரும். மைசூர் சாலையில் நூறு கி.மீ. அலுங்காமல் போய்வருகிறவர்கள்கூட இந்தச் சுற்றில் மாகடி தாண்டியதும் துவண்டுவிடுகிறார்கள். காரணம் நில அமைப்பு.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே உள்ள மேட்டில் இருக்கிறது. மேற்கே மாகடி ஊரும் ஏறத்தாழ அதே உயரம்தான், 925 மீட்டர். இரண்டு மேட்டுக்கும் நடுவில் அர்க்காவதி ஓடுகிறது. நந்தி மலையில் பிறந்து, ஹெசரகட்டா ஏரி வழியாக வந்து, திப்பகொண்டனஹள்ளியில் குமுத்வதியைச் சேர்த்துக்கொண்டு, மஞ்சனபெலே, ராமநகரம், கனகபுரா என்று தெற்கே இறங்கி, சங்கமத்தில் காவிரியோடு கலக்கிறது. நம் பாதை ஆற்றங்கரையை ஒட்டிப் போவதில்லை. போகும்போது மஞ்சனபெலேயிலும் திரும்பும்போது மாகடி சாலையிலும் ஆக இரண்டு தடவை ஆற்றைக் குறுக்கே வெட்டுகிறது. இடையில் ஆற்றில் வந்து விழும் சின்னச் சின்ன ஓடைகளையும் ஒவ்வொன்றாகக் கடக்கிறது. ஒவ்வொரு ஓடைக்கும் ஓர் இறக்கம், ஓர் ஏற்றம். நந்தி மலை ஏற்றத்தில் ஒரு தாளம் பிடித்தால் உச்சிவரை அதையே வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு தாளம் பிடிபடுவதற்குள் மேடு முடிந்து பள்ளம் வந்துவிடும். மொத்த ஏற்றம் ஜி.பி.எஸ். கருவியில் ஆயிரம் மீட்டரைச் சுற்றிக் காட்டும். கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும்.

இந்த மேடு பள்ளத்தோடு பெங்களூர் நூற்றுமுப்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. ஹெசரகட்டாவிலிருந்து 1894-ல் நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. அப்போது மைசூர் திவானாக இருந்தவர் பாலக்காட்டுத் தமிழரான சேஷாத்ரி ஐயர். சேஷாத்ரிபுரம் அவர் பெயரைத் தாங்கித்தான் நிற்கிறது. 1920-களின் நடுவில் ஹெசரகட்டா வற்றிப்போக, அதே ஆற்றின் கீழ்ப்பக்கம் திப்பகொண்டனஹள்ளியில் அணை கட்டி 1933 முதல் தண்ணீர் எடுத்தார்கள். ஊர் மேட்டில், ஆறு பள்ளத்தில் என்பதால் ஒவ்வொரு சொட்டையும் பம்பு வைத்துத்தான் மேலே ஏற்ற வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் அந்த அணைக்குக் கொஞ்சம் கீழே ஆற்றைக் கடந்து நாமும் அதே சரிவில்தான் ஏறுகிறோம், அதுவும் பதினோரு மணி வெயிலில். இந்தச் சுற்றைப் பற்றி ஒன்றே ஒன்று மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அந்த ஏற்றத்தை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் செய்யும் எல்லா வேலையும் அதற்குக் காலில் பலம் மிச்சம் வைக்கிற மாதிரி இருக்கட்டும்.

இனி கியர் கணக்கு. 70 கிலோ ஆள், சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 12 கிலோ, ஆக 82. பத்து சதவீத ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 34, பின்னால் 34 பல் போட்டால் மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 8.8 கி.மீ. வேகம். அதற்குச் சுமார் 210 வாட் தேவை. ஓரளவு பழகியவர்களால் சில நிமிடங்களுக்கு அது முடியும். பின்னால் 25 பல்தான் இருக்கிறது என்றால் அதே 70 சுற்றுக்கு 285 வாட் ஆகிவிடும். அவ்வளவு இல்லை, 210-தான் தர முடியும் என்றால் சுற்று 51-க்கு விழும். ஒவ்வொரு மிதிக்கும் முட்டி தாங்க வேண்டிய அழுத்தம் அந்த அளவுக்குக் கூடுகிறது. ஓர் ஏற்றத்துக்குப் பரவாயில்லை. இருபது முப்பது ஏற்றத்துக்கு மேல் தொடை பிடித்துக்கொள்வது இதனால்தான்.

ஹைபிரிட் சைக்கிள் வைத்திருப்பவர்கள் தாழ்வாக நினைக்க வேண்டாம். முன்னால் 48, 38, 28 என்று மூன்று செயின்ரிங்கும் (மிதியோடு சுற்றும் பல்சக்கரம்) பின்னால் 14 முதல் 28 வரையுள்ள பல்சக்கரமும் இருந்தால், 28-க்கு 28 போட்டு அதே ஒன்றுக்கு ஒன்று கிடைத்துவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஊருக்குள் எப்போதும் நடுச் செயின்ரிங்கிலேயே ஓட்டிப் பழகியதால் சின்னதுக்குச் செயின் இறங்குகிறதா என்று பார்த்திருக்கவே மாட்டார்கள். ஏற்றத்தின் நடுவில் பதறிப்போய் லீவரை அழுத்தும்போது செயின் உள்பக்கம் கழன்று சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். முதல் நாளே சைக்கிளைத் தூக்கி நிறுத்திப் பத்து தடவை மாற்றிப் பாருங்கள். செயின் உள்பக்கம் விழுந்தால் முன் டெரய்லரில் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கருவி) ‘எல்’ என்று குறித்த திருகைக் கடிகார முள் சுற்றும் திசையில் கால் சுற்று திருகுங்கள், மறுபடி பாருங்கள்.

பின் டெரய்லரையும் பின்னாலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். செயினைத் தாங்கும் இரண்டு சின்னச் சக்கரங்களும் கேசட்டுக்கு நேர்கோட்டில் இருக்க வேண்டும். சைக்கிள் எப்போதோ வலப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தால் டெரய்லரைத் தாங்கும் ஹேங்கர் லேசாக உள்பக்கம் வளைந்திருக்கும். ஊருக்குள் அது தெரியாது. மஞ்சனபெலே ஏற்றத்தில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றி முழு பலத்தோடு மிதிக்கும்போது டெரய்லர் ஸ்போக்குக்குள் போய்விடும். அதோடு அன்றைய சவாரி முடிந்தது. ஹேங்கர், டெரய்லர், நாலைந்து ஸ்போக் எல்லாம் ஒரே நொடியில் போகும். ஹேங்கர் நிமிர்த்தும் கருவி நல்ல சைக்கிள் கடைகளில் இருக்கும், பத்து நிமிட வேலை.

பாதைக்கு வருவோம். கெங்கேரியைக் காலை ஐந்தே முக்காலுக்குத் தாண்டினால் சரியாக இருக்கும். மைசூர் அதிவேகச் சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக், ஆட்டோ, சைக்கிள் எதற்கும் அனுமதி இல்லை. மேம்பாலத்தில் தவறிப்போய் ஏறிவிடாமல் அதன் கீழே சர்வீஸ் சாலையிலேயே போய், கும்பளகோட்டில் வலப்பக்கம் ராமோஹள்ளிச் சாலையைப் பிடியுங்கள். முன்விளக்கும் பின்விளக்கும் எரியட்டும். அந்த நேரத்தில் ஊருக்குள் காய்கறி ஏற்றி வரும் வண்டிகள் வேகமாக வரும். ராமோஹள்ளி தாண்டியதும் தொட்ட ஆலத மர, நம் வாய்மொழியில் பெரிய ஆலமரம், வந்துவிடும். நானூறு ஆண்டு மரம் என்கிறார்கள். மூன்று ஏக்கருக்கு விரிந்த விழுதுகள் மட்டும் நிற்கின்றன. தாய்மரம் நோய் கண்டு பட்டுப்போய் இருபது ஆண்டுக்கு மேலாகிறது. இங்கே டீ குடிக்கலாம், பையைத் திறந்து வைக்கக் கூடாது. குரங்குகள் வாழைப்பழத்தின் வாசனையை ஜிப்புக்கு வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடும்.

ஆலமரத்திலிருந்து மஞ்சனபெலேக்கு ஏறத்தாழ பத்து கி.மீ. சாலை குறுகல். ஊருக்கு ஊர் வேகத்தடை, பலவற்றுக்கு வெள்ளைக்கோடு கிடையாது. வீடுகள் தென்பட்டாலே வேகத்தடை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அணை நெருங்கும்போது நிலம் சட்டென்று விட்டுக்கொடுத்து இறங்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் பாறைக்குன்றுகள், எதிரே நீர்ப்பரப்பு, காலைப் பனி இருந்தால் கண்ணை எடுக்க முடியாத காட்சி. கண்ணைச் சாலையிலேயே வையுங்கள். மழை அடித்துக்கொண்டு வந்த சரளை வளைவுகளின் வெளிவிளிம்பில் கிடக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விரலை எடுத்துவிட வேண்டும். வளைவுக்குள் முன் பிரேக்கை அழுத்தினால் சரளையில் முன்சக்கரம் வழுக்கும். முன்சக்கரம் வழுக்கினால் மீட்க நேரமே இருக்காது. ரிம் பிரேக் என்றால் கட்டையின் தேய்மானக் கோடு இன்னும் தெரிகிறதா என்று வீட்டிலேயே பார்த்திருக்க வேண்டும்.

மஞ்சனபெலே நீர்த்தேக்கத்தில் இறங்காதீர்கள். கால் நனைக்கவும் வேண்டாம். அடியில் சேறும் திடீர்ப் பள்ளமுமான தண்ணீர் அது. நீச்சல் தெரிந்த இளைஞர்கள் எத்தனையோ பேர் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள், எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது.

ஆற்றைக் கடந்ததும் சாவனதுர்காவை நோக்கிய ஏற்றங்கள் தொடங்குகின்றன. நீளம் குறைவு, செங்குத்து அதிகம். இறங்கிவந்த வேகத்தை நம்பிப் பெரிய கியரிலேயே மேட்டில் ஏறப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பாதி மேட்டில் வேகம் செத்துப்போகும். அப்போது கியர் மாற்றினால் செயினில் முழு பாரமும் இருப்பதால் அது கடகடவென்று தாவும், சமயத்தில் அறுந்தே போகும். பள்ளத்தின் அடியில், இன்னும் மிதி இலகுவாக இருக்கும்போதே இரண்டு மூன்று படி குறைத்துவிடுங்கள். உட்கார்ந்தே ஏறுங்கள், மூச்சு பேச்சுக்கு இடம் தருகிற அளவில் இருக்கட்டும். எழுந்து நின்று மிதிப்பதைக் கடைசி இருபது முப்பது மீட்டருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். முதல் பாதியில் யாரையும் துரத்த வேண்டாம்.

சாவனதுர்காவின் உச்சி 1,226 மீட்டர். கரிகுட்டா, பிளிகுட்டா என்று கறுப்பும் வெளுப்புமாக இரண்டு பாறைமலைகள். பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடரின் வழிவந்தவர்கள் 1638-ல் பீஜப்பூர்ப் படையிடம் பெங்களூரை இழந்த பிறகு மாகடியிலிருந்து ஆண்டார்கள். அவர்களுக்குக் காவல் இந்தக் கோட்டை. 1728-ல் மைசூர்ப் படையிடம் விழுந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில் 1791 டிசம்பர் 21 அன்று கார்ன்வாலிஸின் படை பிடித்தது. ஏற முடியாத கோட்டை என்று பெயரெடுத்திருந்த இடம். கீழே நின்று அந்த வழுக்குப்பாறையை அண்ணாந்து பார்த்தால் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று புரியும். அடிவாரத்தில் வீரபத்ரர் கோயிலும் நரசிம்மர் கோயிலும் இருக்கின்றன. கடைகளில் தண்ணீர், இளநீர் கிடைக்கும். இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள், மாகடிவரை வேறு நல்ல இடம் இல்லை. சைக்கிள் ஷூவோடு மலையேறப் போகாதீர்கள். அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். காடு ஒட்டிய பகுதியில் சிறுத்தையும் கரடியும் உண்டு என்பதால் வெளிச்சம் நன்றாக வந்த பிறகே இந்த இடத்துக்கு வந்து சேரும்படி நேரத்தை அமைத்துக்கொள்வது முக்கியம். பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: மஞ்சள்தொண்டைச் சின்னான் இந்தப் பாறைப் புதர்களில்தான் இருக்கிறது.

டயர் விஷயம். 25 மி.மீ. டயரில் வந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போக வேண்டும். 28 குறைந்தபட்சம், 32 இருந்தால் சுகம். 75 கிலோ ஆளுக்கு 28 மி.மீ. டயரில் பின்னால் 75, முன்னால் 68 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும், 32-ல் 60, 55. நூறு பி.எஸ்.ஐ. அடைத்தால் வேகம் கூடும் என்பது தவறான எண்ணம். உடைந்த தாரில் டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். துள்ளுகிற நேரத்தில் மிதித்த பலம் வீண், கையும் மரத்துப்போகும். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து. குழியின் விளிம்பில் ரிம் டியூபை நசுக்கிப் பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை போடும்.

இந்தப் பக்கம் பஞ்சருக்கு முக்கியக் காரணம் முள். கருவேல முள், அதிலும் வேலிக்கு வெட்டிப்போட்ட காய்ந்த முள். ஓரத்தில் நிறுத்தும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புதருக்குள் போகாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பஞ்சர் ஆகிவிட்டால் அவசரமாகப் புது டியூபைத் திணிக்கக் கூடாது. முள் பெரும்பாலும் டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும், புது டியூபையும் அரை கி.மீ.யில் குத்திவிடும். டயரை மாட்டும்போதே அதன் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வரும்படி எப்போதும் மாட்டிப் பழகுங்கள். கழற்றிய டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்வை டயரின் பெயருக்கு நேரே வைத்தால், முள் இருக்கும் இடம் விரலகலத்துக்குள் தெரிந்துவிடும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் டயரின் உள்பக்கம் ஒரு கைக்குட்டையைச் சுழற்றித் துடைத்தால் துணி இழுபடும் இடம்தான். மல்டிடூலின் நுனியால் உள்ளிருந்து வெளியே தள்ளி எடுங்கள். டியூபில் இரண்டு மூன்று தடவை மட்டும் பம்ப் அடித்து வடிவம் வந்த பிறகு மாட்டினால் மடங்காது. கடைசி விளிம்பைக் கட்டைவிரலால் தள்ளி ஏற்றுங்கள். டயர் லீவரால் நெம்பினால் புது டியூபையே கிள்ளிவிடும்.

ஆளுக்கு இரண்டு டியூப், இரண்டு லீவர், ஒட்டுப்பொட்டலம், கைப்பம்ப், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ உள்ள மல்டிடூல், அறுந்த செயினை இணைக்க நம் செயினுக்குப் பொருந்தும் ஒரு க்விக் லிங்க். டயரே கிழிந்தால் உள்ளே வைக்க பழைய டயரில் வெட்டிய இரண்டங்குலத் துண்டு ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். கிராமத்துப் பஞ்சர் கடையில் கம்ப்ரசர் இருக்கும், ஆனால் நம் மெல்லிய பிரெஸ்டா வால்வில் அதன் முனை உட்காராது. பித்தளை அடாப்டர் ஒன்று ஐம்பது ரூபாயைச் சுற்றித்தான். வால்விலேயே திருகி வைத்துவிடலாம். கம்ப்ரசரில் அடிக்கும்போது கடைக்காரரிடம் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கச் சொல்லுங்கள், லாரி டயருக்கு அடிக்கிற பழக்கத்தில் ஒரே மூச்சில் அடித்தால் டியூப் வெடித்துவிடும்.

நவம்பரிலிருந்து ஜனவரிவரை போகிறவர்களுக்கு இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது. ராகி அறுவடை. சாவனதுர்காவிலிருந்து மாகடிவரை பல ஊர்களில் ராகிக் கதிரையும், அதைத் தொடர்ந்து கொள்ளுச் செடியையும் சாலையில் பரப்பி வைத்திருப்பார்கள். வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரும். அது அவர்களுக்குக் களத்துமேடு. ஒரு வருஷத்துச் சோறு அங்கே கிடக்கிறது. அதன் மேல் சைக்கிள் விடுவது நமக்குத்தான் ஆபத்து. தட்டை அரையடி உயரத்துக்கு மெத்தைபோல் கிடக்கும், அடியில் குழி இருந்தால் தெரியாது. உதிர்ந்த மணி டயருக்குக் கீழே உருண்டு வழுக்கும். அதைவிட மோசம், நீளமான தட்டை பின் டெரய்லரின் சின்னச் சக்கரங்களில் சுற்றிக்கொள்வது. ஒரு தட்டை சுற்றினால் அது அடுத்ததை இழுக்கும். சரசரவென்ற சத்தம் கேட்டதுமே மிதிப்பதை நிறுத்துங்கள். ‘போயிடும்’ என்று இன்னும் நாலு மிதி மிதித்தால் டெரய்லர் பின்னோக்கி முறுக்கிக்கொண்டு ஹேங்கர் ஒடிந்துவிடும். இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, மிதியைக் கையால் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே தட்டையின் நுனியைப் பிடித்து உருவுங்கள். கேசட்டுக்கும் ஸ்போக்குக்கும் நடுவில் சிக்கியதைக் கத்தியால் அறுத்து எடுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் பரப்பியிருக்கும் இடம் வந்ததும் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவதுதான் நல்லது; ஐம்பதடிதான் இருக்கும். வேலை செய்கிற அம்மாவுக்கு ஒரு ‘நமஸ்கார அம்மா’ சொல்லிவிட்டுப் போனால் அவர்களே வழி ஒதுக்கித் தருவார்கள்.

கன்னடம் சரளமாக வராத தமிழர்களுக்கு இந்தச் சுற்றில் ஆறேழு வார்த்தை போதும். ‘மாகடி தாரி யாவுது?’ என்று கேட்டால் வழி சொல்வார்கள். பதிலில் ‘நேரா’ வந்தால் நேராக, ‘எடக்கே’ என்றால் இடக்கைப்பக்கம், ‘பலக்கே’ என்றால் வலக்கைப்பக்கம். நம் ‘வ’ அங்கே ‘ப’ ஆகும் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது. ‘நீரு சிகுத்தா?’ தண்ணீர் கிடைக்குமா. ‘பஞ்சர் அங்கடி எல்லிதே?’ பஞ்சர் கடை எங்கே. ‘மஜ்ஜிகெ’ மோர், அதை மறக்கக் கூடாது. பள்ளத்துக்குள் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாகடிக்கு ஒன்பதேகாலுக்குள் போய்ச்சேர்ந்தால் நேரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இட்லி, வடை, தோசை எல்லாம் கிடைக்கும். இட்லி நாலு சாப்பிடுங்கள், எண்ணெய்ப் பண்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வடையும் மசால் தோசையும் அடுத்த ஏற்றத்தில் வயிற்றிலேயே நிற்கும். சாலையில் இருக்கும்போது மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். இரண்டு மூன்று ஏலக்கி வாழைப்பழமும் ஒரு கடலைமிட்டாயும் மணிக்கு ஒரு தடவை என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஓரளவு ஈடாகும். பசித்த பிறகு சாப்பிட்டால் காலில் பலம் வர அரைமணி ஆகும், அந்த அரைமணிக்குள் ஆறு ஏற்றம் வந்துவிடும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையக் கூடாது, வெயிலில் முக்கால். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பி வராது. மாகடியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கலந்து ஒரு பாட்டிலை அதனாலேயே நிரப்பிவிடுங்கள்.

நேரம் இருந்தால் ஊரின் சோமேஸ்வரர் கோயிலையும், திருமலை என்றழைக்கப்படும் ரங்கநாதர் கோயிலையும் பார்க்கலாம். ரங்கநாதர் கோயிலைச் சோழர் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். இதே தாலுகாவில் கெம்பாபுராவில்தான் கெம்பேகவுடரின் சமாதி இருக்கிறது. ஹுளிகல்லிலிருந்து கூதூர் போகும் சாலையில் சாலுமரத திம்மக்கா நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த 385 ஆலமரங்களும் இந்தத் தாலுகாதான். அது வடக்கே வெகுதூரம். இந்தச் சுற்றோடு சேர்த்துக்கொண்டால் உடம்பு தாங்காது. ஆனால் நிழலிலேயே சைக்கிள் விடுவது எப்படி இருக்கும் என்று அறிய ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்றே ஒதுக்கலாம்.

பத்து மணிக்குள் மாகடியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். இனி 37 கி.மீ. சுங்கதகட்டேவரை மாகடி சாலை. அகலமான சாலை என்பதால் இனிமேல் கஷ்டமில்லை என்று தோன்றும். ஆனால் டிப்பர் லாரிகள் இங்கேதான். கல்குவாரியிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு போகும் வண்டிகள் திருப்பங்களில் சிந்திவிட்டுப் போகும். ஓரத்து வெள்ளைக்கோட்டுக்கு வெளியே மணல் படிந்திருக்கும், ஆகவே கோட்டுக்கு அரையடி உள்ளேயே நேராகப் போங்கள். ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி வளைந்து போனால் பின்னால் வரும் ஓட்டுநருக்கு நாம் எங்கே போகிறோம் என்று தெரியாது. டிப்பர் கடக்கும்போது முதலில் காற்று வெளியே தள்ளும், கடந்ததும் உள்ளே இழுக்கும். கைப்பிடியைத் தளர்வாக ஆனால் விடாமல் பிடித்திருந்தால் போதும், இறுக்கினால் சைக்கிள் ஆடும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு வருவதை மாகடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அர்க்காவதிப் பாலத்துக்கு இறங்கும் நீண்ட இறக்கத்தில் மிதிக்க வேண்டாம். காலைச் சும்மா சுழற்றிக்கொண்டு, ஓ.ஆர்.எஸ். நான்கு மடக்கு, ஒரு வாழைப்பழம். மேலே திப்பகொண்டனஹள்ளி அணை இருக்கிறது, அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பாலம் தாண்டியதும் தாவரெகெரே திசையில் ஏற்றம் தொடங்கும். ஒரே மூச்சில் இல்லை, படிப்படியாக. நேர் எதிரே வெயில், கீழே சூடேறிய தார், பின்னால் லாரி. இங்கேதான் பின்தொடை பிடிக்கும். லேசாகத் துடிக்க ஆரம்பித்ததுமே ஒரு கியர் குறைத்து, குதிகாலைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி மிதியுங்கள். முழுதாகப் பிடித்துக்கொண்டால் நிறுத்தி, நிழலில் நின்று, காலை நீட்டி முன்பாதத்தை உங்கள் பக்கமாக இழுத்து முப்பது விநாடி. பிடிப்போடே மிதித்துத் தீர்த்துவிடலாம் என்று பார்ப்பவர்களுக்கு மறுநாள் நடக்கவே சிரமமாகிவிடும். கழுத்தில் ஈரத்துணி போட்டுக்கொள்வது நன்றாக வேலை செய்யும். வியர்வை நின்றுபோய் உடல் சிலிர்த்தால் அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கின் அறிகுறி. அப்போது சவாரியை அங்கேயே முடித்துவிட்டு, தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நாய்கள் பற்றிக் கேட்பார்கள். வேகமாக மிதித்துத் தப்பப் பார்த்தால் துரத்தும், மேட்டில் தப்பவும் முடியாது. வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்து நடங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசி.

மார்ச் முதல் மே வரை இந்தச் சுற்றைத் தவிர்த்துவிடுங்கள். செப்டம்பர், அக்டோபர் மழைக்குப் பிறகு ஆறும் ஏரியும் நிறைந்து மிக அழகாக இருக்கும், ஆனால் மழை பெய்த மறுநாள் வேண்டாம். செம்மண் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. குச்சியால் சுரண்டி எடுத்தால்தான் நகரும், மட்கார்ட் இருந்தால் இன்னும் மோசம். நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரிவரை ஏற்ற காலம்.

பாதியில் முடிக்க வேண்டியிருந்தால் இரண்டு இடம் இருக்கிறது. மஞ்சனபெலேயிலேயே உடம்போ சைக்கிளோ சரியில்லை என்று தெரிந்தால் வந்த வழியே ஆலமரத்துக்குத் திரும்பிவிடுங்கள். சாவனதுர்கா போய்விட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்தான். அடுத்தது மாகடி, அங்கே பஸ் இருக்கிறது, முன்சக்கரத்தைக் கழற்றி வைத்தால் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும் சரக்கு ஆட்டோ ஓட்டுநர்களிடம் பேசிப் பார்க்கலாம். கெங்கேரியில் கார் நிறுத்தியிருந்தவர்கள் தாவரெகெரேயில் வலப்பக்கம் திரும்பி, ஆலமரம் வழியாகவே இறங்கிவிடுங்கள். டிப்பரும் குறைவு, சுங்கதகட்டே நெரிசலும் மிச்சம். நகரத்துக்குள் போக வேண்டியவர்கள் சுங்கதகட்டேக்கு முன்பே ஏதாவது டீக்கடையில் நிறுத்தி, பாட்டிலை நிரப்பி, டயரில் கையை வைத்து ஒரு சுற்று தடவிப் பார்த்து, ஒட்டியிருக்கும் கண்ணாடித்துண்டையும் முள்ளையும் எடுத்துவிட்டு ஊருக்குள் நுழையுங்கள்.